முட்டை அட்டையில் ஒரு மஞ்சள் கிளிப்

டிக்கெட்டக்காவுக்கு பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் மலைக்கும் கடலுக்கும் அனுப்பிவைத்துக் குடும்பம் நடத்துகிறவளுக்கு இப்படி ஓர் உடம்பு. முன் வரிசையில், ஜன்னல் ஓரத்தில், காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி இடம் கிடைத்தால் பிழைத்தாள். வேறு எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு வளைவு தாண்டுவதற்குள் முகம் வெளிறிவிடும். அடுத்த வளைவில் கை பிளாஸ்டிக் பையைத் தேடும். இது தொழில் ரகசியம். வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வெளியே தெரிந்தால் பிழைப்பு என்னாவது? நீச்சல் தெரியாதவளிடம் யாராவது படகு வாடகைக்கு எடுப்பார்களா?

வாசலில் போர்டு கிடையாது. சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். அதில் ஒரு பாதி கம்பெனி, மறு பாதி குடும்பம், நடுவில் இருக்கும் தண்ணீர் ஜக்குதான் எல்லைக்கல். எல்லைத் தகராறு தினமும் உண்டு. மகளின் கணக்குப் புத்தகம் மெல்ல மெல்லக் கம்பெனிப் பக்கம் நகரும். கம்பெனியின் லேப்டாப் யாருடைய சாப்பாட்டுத் தட்டையாவது தள்ளிக்கொண்டு போகும். மேசைக்கு அடியில் இரண்டு வயதுச் சின்னவன் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பான். பயணிகளின் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் ஃபிரிட்ஜின் தலைமேல் இருக்கும். சின்னவன் ஒருமுறை ஒரு பாஸ்போர்ட்டை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கப்பல் ஓட்டியதிலிருந்து அந்த ஏற்பாடு. அந்தப் பயணியிடம் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

போனில் பேசும்போது குக்கர் விசில் அடித்தால், "ஸ்டேஷன்லதான் சார் நிக்கிறேன், சொல்லுங்க" என்பாள். சின்னவன் வீறிட்டால், அது பக்கத்தில் நிற்கும் யாரோ ஒரு பயணியின் குழந்தை. ஒருநாள் குக்கரும் சின்னவனும் சேர்ந்து கச்சேரி வைத்தபோது, மறுமுனையில் இருந்தவர் பயந்துபோய், "ரொம்பப் பெரிய ஸ்டேஷன் போலிருக்கேம்மா, நீ அப்புறமா பேசு" என்று தானே வைத்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் அவள் பெரிய தெருவில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு டிராவல் கம்பெனியில் வேலை பார்த்தாள். மகள் பிறந்தாள். குழந்தைகள் காப்பகத்தில் விட்டால் பிள்ளை மூச்சு நிற்கிற வரை அழுதது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, மேலாளரிடம் போய், "நான் வீட்ல இருந்தே பாக்கறேன் சார்" என்று சொன்னாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடிக்காமல் வெளியே வந்தவள்தான். பின்னாலேயே முதலில் வந்த வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். "கதவு கண்ணாடியா இருந்தா என்ன, மரமா இருந்தா என்ன? நமக்கு டிக்கெட் சரியா இருந்தா சரி" என்றார். அவர் பின்னால் அவருடைய நடைப்பயிற்சிக் கூட்டம் மொத்தமும் வந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் எவர் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டிய வேலை. ஆகவே வீட்டில் எது நடந்தாலும் முதலில் டிக்கெட்டக்கா, பிறகுதான் மற்றவர்கள். சமையல், பள்ளிக்கூடம், தடுப்பூசி, விமானம், ரயில், பஸ் எல்லாம் அவள் தலையில்தான். தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாலும், யாராவது வந்து அந்தத் தலையிலேயே சாய்ந்துகொள்வார்கள்.

இனி முட்டை அட்டைக்கு வருவோம். மூன்று நாள், நான்கு நாள் பஸ் சுற்றுலாக்கள்தான் அவளுடைய முக்கியத் தொழில். அதில் தலைவலி பிடித்த வேலை யாரை எங்கே உட்காரவைப்பது என்பது. லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். சின்னவன் வந்து ஓங்கி மூடினான். தாளில் எழுதிப் பார்த்தாள்; தாளைத் தின்றான். கடைசியில், முட்டை வாங்கி வந்த அட்டைகளை நீளவாக்கில் இரண்டிரண்டு குழியாக வெட்டி, நடுவில் நடைபாதைக்கு இடம் விட்டு, ஒரு பழைய தட்டில் ஒட்டினாள். குழிக்கு ஒரு சீட். சீட்டுக்கு ஒரு துணி கிளிப். குழம்பைக் கிளறிக்கொண்டே இடது கையால் ஆளை மாற்றி உட்காரவைக்கலாம்.

கிளிப்பின் நிறத்துக்கும் கணக்கு இருந்தது. சிவப்பு வாந்திக்காரர்கள், முன்னால். நீலம் குறட்டைக்காரர்கள், பின்னால். பச்சை, அடிக்கடி இறங்கி ஏற வேண்டியவர்கள், கதவுக்கு அருகில். வெள்ளை என்றால் எங்கே போட்டாலும் வாய் திறக்காத தங்கங்கள். அது மிகவும் குறைவாகத்தான் தேவைப்படும். கறுப்புக் கிளிப் ஒன்றே ஒன்று. அது கொடியண்ணனுடையது. பச்சைக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை மேய்க்கிற வழிகாட்டி அவர். எந்தச் சுற்றுலாவானாலும் முதல் வரிசையில் கறுப்புக் கிளிப் போய் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இடம். எல்லாம் முடிந்ததும் தட்டில் இருக்கும் கிளிப்புகளை எண்ணுவாள். அந்த எண்ணிக்கையைத்தான் பஸ்காரரிடமும் தங்கும் விடுதியிலும் சொல்வாள்.

மகள் இந்த வேலையில் அம்மாவுக்கு மேலே. எட்டு வயது. பெயர் மிளகு, ஆளைப் பார்த்து ஏமாந்து வாயைக் கொடுத்தால் கண்ணில் தண்ணீர் வரவைப்பாள் என்று அப்பா வைத்தது. வீட்டுப்பாடத்தை அரைகுறையாக விட்டுவிட்டு எல்லைக்கல்லைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அம்மா, அந்த ரெண்டு அக்கா தங்கச்சியும் பேசிக்க மாட்டாங்கள்ல? எதுக்குப் பக்கத்துல வெச்சிருக்க?" என்பாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்.

போஸ்ட்மாஸ்டர் கூட்டத்தின் ஏரிச் சுற்றுலாவுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஆண்டின் பெரிய வேலை அதுதான். அந்தச் சமயம் பார்த்துக் கொடியண்ணன் கணுக்காலை உடைத்துக்கொண்டார். எத்தனையோ மலை ஏறி இறங்கிய மனிதர், வீட்டில் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்தார். டிக்கெட்டக்கா தனக்குத் தெரிந்த வழிகாட்டிகளுக்கெல்லாம் போன் போட்டாள். எல்லோரும் வேறு வேறு ஊரில் வேறு வேறு கூட்டத்தோடு இருந்தார்கள். சுற்றுலாவை ரத்து செய்தால், மொத்தக் கூட்டமும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தேடிப் போய்விடும். போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"நீயே போயேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நானா? பஸ்லயா?"

"முன்னாடி சீட்ல உக்காந்துட்டுப் போ. நான் லீவு போட்டுப் பசங்களப் பாத்துக்கறேன்."

பஸ் ஒரு சாக்குதான். மகள் பிறந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் பிள்ளைகளை விட்டுப் பிரிந்து படுத்ததில்லை. சின்னவன் அவள் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். மிளகு தூங்குவதற்கு முன் அன்றைக்குப் பள்ளியில் நடந்த அநியாயங்களை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். இவற்றை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது? ஆனாலும் போகத்தான் வேண்டும். முடிவு செய்துவிட்டு மிளகிடம் சொன்னாள்: மூன்று நாள், ரெண்டே ரெண்டு ராத்திரி, தினமும் போன் பண்ணுவேன்.

மிளகு பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். ஏன், எதற்கு, யார் தலை வாருவது என்று ஒரு கேள்வியும் இல்லை. எதற்கெடுத்தாலும் ஆறு கேள்வி கேட்கிற பெண் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டாள். அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருக்கலாம். இந்தச் சரிக்கு என்ன சொல்வது?

அன்று சாயங்காலமே முட்டை அட்டையை எடுத்து உட்கார்ந்தாள். முதல் வேலையாகக் கறுப்புக் கிளிப்பைத் தனியே எடுத்து ஜக்கின் பக்கத்தில் வைத்தாள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொருவராக உட்காரவைத்தாள். பாதியில் சின்னவன் எதிலோ இடித்துக்கொண்டு அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டி, ஆட்டி, தூங்கவைத்துவிட்டு வந்து மீதியை முடித்தாள். மறுநாள் காலை பஸ்காரருக்குச் சொல்வதற்காகக் கிளிப்புகளை எண்ணினாள். பயணிகள் பெயர்களோடு ஒப்பிட்டாள். ஒன்று கூடுதல்.

திரும்ப எண்ணினாள். ஒன்று கூடுதல்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது. முதல் வரிசையில், ஜன்னல் ஓரக் குழியில், ஒரு குட்டி மஞ்சள் கிளிப். அது பயணிகளுக்கான பெரிய கிளிப் இல்லை. சின்னவனின் சாக்ஸ் காயப்போடுகிற, விரல் நகம் அளவுக் கிளிப்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து கேட்காத பிள்ளை, போகிற பஸ்ஸில் தனக்கு ஓர் இடம் போட்டுவைத்திருக்கிறது. சின்ன ஆளுக்குச் சின்னக் கிளிப். டிக்கெட்டக்கா அந்த மஞ்சள் கிளிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டாள். கூட்டிக்கொண்டு போகலாமா? பள்ளிக்கூடம் என்னாவது? இவளைக் கூட்டிப்போனால் சின்னவனை மட்டும் விட்டுப் போவதா? இரண்டு பேரையும் இடுப்பிலும் கையிலும் வைத்துக்கொண்டு கொடியை எதில் பிடிப்பது? மிளகிடமே கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை அறை வரை போனாள். கேட்டால் அவள் அழுவாள். அவள் அழுதால் நானும் அழுவேன். அப்புறம் யார் கிளம்புவது? கேட்காமலே திரும்பி வந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போஸ்ட்மாஸ்டர் போன் செய்தார். அவருடைய மைத்துனியும் வருவேன் என்கிறாராம், ஒரே ஓர் இடம் கிடைக்குமா என்றார். பஸ்ஸில் மிச்சம் இருந்ததும் ஒரே ஓர் இடம்தான். "இருக்கு சார்" என்று அவள் வாய் சொன்னது. கை மஞ்சள் கிளிப்பை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்தக் குழியில் ஒரு பெரிய வெள்ளைக் கிளிப்பை நட்டது. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பது போல இருந்தது அவளுக்கு. மைத்துனியை மைத்துனிக்குத் தெரியாமலே அன்றிலிருந்து தினமும் திட்டினாள்.

கிளம்புகிற நாள் வந்தது. எது எங்கே இருக்கிறது, எது எப்போது, சின்னவனுக்கு எந்தக் காது என்று முந்தின நாள் முழுக்க வீட்டுக்காரரிடம் பாடம் நடத்தியிருந்தாள். "நான் இவங்களுக்கு அப்பா. நேத்துதான் வாடகைக்கு வந்தவன் இல்ல" என்று அவர் சலித்துக்கொண்டார். விடிந்தும் விடியாமலும் மிளகு தூக்கக் கலக்கத்தோடு வாசலுக்கு வந்து, நான்காக மடித்த பிளாஸ்டிக் பைகளை அம்மாவின் கையில் திணித்தாள்.

"ஜன்னல் பக்கம்னாலும் கையில வெச்சுக்கோம்மா."

"சரிடி தங்கம்" என்று அவசரமாக முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். பிள்ளை என்ன சொன்னது என்பது காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

பஸ் தெருத் தெருவாக நின்று ஆட்களை ஏற்றியது. டிக்கெட்டக்கா கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, பெட்டிகளை ஏற்றவைத்து, வாந்திக்காரர்களை முன்னாலும் குறட்டைக்காரர்களைப் பின்னாலும் அனுப்பினாள். பேசிக்கொள்ளாத சகோதரிகள் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லையே, எனக்கு இதெல்லாம் வருகிறதே என்று அவளுக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. கடைசி நிறுத்தத்தில் மைத்துனி ஏறினார். டிக்கெட்டக்கா எழுந்து, "உங்க இடம் இதுதான்மா" என்று ஜன்னலோர இருக்கையைக் காட்டினாள். மைத்துனி உட்கார்ந்தார்.

டிக்கெட்டக்கா நின்றாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். எல்லா இருக்கையிலும் ஆள் இருந்தது.

"நீ எங்கம்மா உக்காருவே?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தனக்கென்று தட்டே எடுத்துவைக்காதவள் போல நடைபாதையில் கொடியோடு நின்றாள். "ஒரு நிமிஷம் சார்" என்று இறங்கினாள். டிரைவர் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மிளகு பள்ளிக்குக் கிளம்பும் நேரம். எதையும் யோசிக்க முடியாதபோது செய்கிற காரியத்தைச் செய்தாள். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா! அப்பா ஸ்க்ரூ முடுக்கற மாதிரி என் ரிப்பனை முடுக்கறார்மா" என்றாள் மிளகு எடுத்தவுடன். சின்னவன் தூரத்தில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். அழவில்லை.

டிக்கெட்டக்காவின் கை ஸ்வெட்டர் பைக்குள் போனது. மஞ்சள் கிளிப் அங்கேயே இருந்தது. இனியும் அடக்க முடியவில்லை.

"மிளகு, முட்டை அட்டையில மஞ்சள் கிளிப் வெச்சது நீதானே?"

"ஆமா."

"உனக்கு வரணும்னு ஆசையா இருந்தா அம்மாகிட்ட வாயத் தொறந்து சொல்லக் கூடாதாடி?"

"எனக்கா?" என்றாள் மிளகு. "எனக்கு ஸ்கூல் இருக்கேம்மா. அது நான் இல்ல. அது நீ."

"நானா?"

"ஆமா. நீ கொடி மாமாவ எடுத்து வெளிய வெச்ச. மத்த எல்லாருக்கும் கிளிப் வெச்ச. உன்னை வெக்கவே இல்ல. நீ தம்பியத் தூக்கிட்டுப் போனப்ப நான்தான் வெச்சேன். பெரிய கிளிப் டப்பா ஃபிரிட்ஜ் மேல, எனக்கு எட்டல, அதான் தம்பியோடது. முன்னாடி ஜன்னல். உனக்கு வாந்தி வரும்ல?"

டிக்கெட்டக்கா பஸ்ஸின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டாள்.

"அன்னைக்கு ஏன் வெறுமனே சரின்னு சொன்ன?"

"நீ போகாதன்னு சொல்லணும் போலதான் இருந்துச்சு. சொன்னா நீ போக மாட்டல்ல. அதான்." பிறகு குரல் மாறி, வேலை விஷயம் பேசுகிறவள் போலக் கேட்டாள்: "இப்ப அந்த சீட்லதானே இருக்க?"

"அதுலதாண்டி இருக்கேன்" என்றாள் டிக்கெட்டக்கா, டீக்கடைப் புகைக்கு நடுவில் நின்றபடி. "காத்து நல்லா வருது."

போனை வைத்துவிட்டு, யாரும் பார்க்காத பக்கமாகத் திரும்பி அழுதாள். துக்கம் என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷமாக எல்லோரையும் பார்த்துப் பார்த்து உட்காரவைத்தவளை, யாரோ ஒருத்தி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த இடத்தையும் தன் கையாலேயே எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தாயிற்று. விடுதியிலும் ஒரு கட்டில் குறையும் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். சமாளிக்க ஒரு பொய் தயாராக இருந்தது. ஸ்டேஷன் பொய் மாதிரிதான், சுலபமாக வரும். ஆனால் அன்று அவளுக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை.

"எல்லாருக்கும் சீட் போட்டேன், எனக்குப் போட மறந்துட்டேன்" என்றாள். "என் பொண்ணு எனக்கு ஒண்ணு போட்டு வெச்சிருந்தா. அதையும் நான் எடுத்துட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். முன்னாடி ஜன்னல் இல்லன்னா எனக்கு வாந்தி வரும்."

பின் வரிசையில் ஒரு நீலக் கிளிப் சிரித்தது. அப்புறம் பஸ் முழுவதும் சிரித்தது. போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இத்தனை வருஷமா எங்களை ஏமாத்திட்டியேம்மா" என்றார்.

மைத்துனி எழுந்துவிட்டார். "நீ உக்காரும்மா. எனக்கு இந்தக் காத்து பட்டா காது அடைக்கும். யார்கிட்ட சொல்றதுன்னு முழிச்சிட்டு இருந்தேன்" என்றார். உண்மையோ பொய்யோ தெரியாது. பின் வரிசை நீளப் பலகையில் இருந்தவர்கள் பைகளை மடியில் எடுத்துக்கொண்டு, இடித்துப் பிடித்து நகர்ந்து அவருக்கு ஓர் இடம் உண்டாக்கினார்கள். நாளெல்லாம் குறட்டைக்கு நடுவில் போகப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. முந்தின நாட்களில் அவரைத் திட்டிய திட்டையெல்லாம் டிக்கெட்டக்கா மனத்துக்குள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஜன்னல் திரையின் ஓரத்தில் மஞ்சள் கிளிப்பைக் குத்திவிட்டாள். டிரைவர் ஏறி, "எல்லாரும் வந்தாச்சா மேடம், கிளம்பலாமா?" என்று கேட்டார்.

"இருங்க, எண்ணிடறேன்" என்று எழுந்தாள். கொடியண்ணன் எண்ணும்போது விரலை நீட்டிக் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிப்பார். டிக்கெட்டக்காவும் விரலை நீட்டினாள். நீட்டிய விரலை மடக்கி, முதலில் தன் நெஞ்சைத் தொட்டு, "ஒண்ணு" என்றாள்.